பழைய வண்டி ஹீட் ஆகுதா? குறையைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

வண்டி ஹீட் ஆகிறது என்று கொண்டுபோய் நிறுத்தினால் பல இடங்களில் முதல் வேலையாக, சூட்டுக்குத் தக்கபடி தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவார்கள். அடங்கவில்லை என்றால் ரேடியேட்டரை மாற்றுவார்கள். அப்புறம் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைத் தூக்குவார்கள். இப்படியே போனால் என்றாவது குறை கையில் கிடைத்துவிடும். அதற்குள் நல்ல பாகங்கள் பாதி குப்பைக்குப் போயிருக்கும், காசும் கரைந்திருக்கும்.

பதினைந்து வருடம் ஓடிய மாருதி 800, ஆம்னி, இண்டிகா, சுமோ, பொலீரோ எதுவானாலும் கூலிங் சிஸ்டத்தில் உள்ள ஹோஸ், பம்ப், ரேடியேட்டர், ஃபேன் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வயசு. எதைப் பார்த்தாலும் பழசாகத்தான் தெரியும். ஆகவே பானட்டைத் திறக்கும் முன்னால், சூடு எப்போது ஏறுகிறது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

எப்போது ஏறுகிறது?

திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தடியில் நெரிசலில் நிற்கும்போது சூட்டு மீட்டரின் முள் ஏறி, பைபாஸ் பிடித்து ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குறை காற்றில் இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலை முழுக்க ஃபேனுடையது. முதலில் ஃபேனைப் பாருங்கள்.

டவுனுக்குள் நன்றாக ஓடி, நாற்கரச் சாலையில் 80 கி.மீ. தாண்டியதும் ஏறினால் குறை தண்ணீர் ஓட்டத்தில். ரேடியேட்டர் குழாய் அடைப்பு, ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் உள்ளே சப்பிப் போவது, பம்ப்பின் இறக்கை அரித்துப் போவது ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

புளியரை மலைப்பாதை எஸ் வளைவிலோ பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும்போதோ மட்டும் ஏறினால், ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சமதளத்தில் ஒப்பேற்றிக்கொண்டு வந்தது ஏற்றத்தில் கைவிட்டுவிடும். ஆடி மாதக் காற்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, நாகர்கோவிலிலிருந்து வள்ளியூர் நோக்கி வரும் வண்டிக்குப் பின்காற்று. வண்டி 60-ல் போனாலும் ரேடியேட்டருக்குள் நுழையும் காற்று அதைவிட வெகுவாகக் குறைவு. நாகர்கோவில் போகும்போது ஏறாமல் திரும்பும்போது மட்டும் முள் கொஞ்சம் ஏறினால் அதுவே காரணமாக இருக்கலாம். நல்ல நிலையில் உள்ள வண்டி இதைத் தாங்கும், அடைப்புள்ள வண்டி தாங்காது.

காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் சிவப்புக் கோட்டைத் தொட்டால் தண்ணீர் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டது, அல்லது ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட் போய்விட்டது. முள் ஏறி இறங்கி ஆடினால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது.

ஒன்றை மறக்கவே கூடாது. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். சென்சாரின் முனை தண்ணீரில் முங்கி இருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். தண்ணீர் முழுக்க வெளியேறி முனை காற்றில் தொங்கினால் முள் இறங்கிவிடும், இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும். உடனே ஓரம் கட்டி ஆஃப் செய்யுங்கள்.

தொடங்கும் முன்

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், துணியைப் போட்டு மெதுவாகத் திருகுவதும் வேண்டாம். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடி அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிசைந்தால் தொளதொளவென்று இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது முக்கால் மணி நேரம் ஆகும். மின்சார ஃபேன் உள்ள சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் அதன் பக்கம் விரலை வைக்க வேண்டாம்.

வீட்டில் செய்வதற்கு ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், டார்ச், 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர் போதும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கிடைத்தால் வேலை பாதியாகும். ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைவாகக் காட்டும். கறுப்பு ரப்பரிலோ, கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோ அளக்க வேண்டும்.

படி 1: ஆறிய வண்டியில் கண்ணால் பார்ப்பது

மூடியைத் திறந்து தண்ணீரை, அதாவது துருவைத் தடுக்கும் கூலன்ட் கலந்த தண்ணீரைப் பாருங்கள். கழுத்து வரை இருக்க வேண்டும். பச்சையோ சிவப்போ தெளிவாக இருந்தால் நல்லது. செம்மண் கரைத்ததுபோல் இருந்தால் உள்ளே துரு. எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கட்டையோ ஆயில் கூலரையோ சந்தேகப்படுங்கள். மூடியின் அடியில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி.

பிறகு ஹோஸ்கள். விரலால் அழுத்தும்போது நறநறவென்று உடைந்தாலும், கிளிப் பக்கம் உப்பியிருந்தாலும், எண்ணெய் பட்டு ஊறி மெத்தென்று ஆகியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கீழ் ஹோஸைத் தனியாகக் கவனியுங்கள். பம்ப் அதிலிருந்துதான் தண்ணீரை உறிஞ்சும். அதனால் சில வண்டிகளில் உள்ளே கம்பிச் சுருள் ஒன்று வைத்திருப்பார்கள். அது துருப்பிடித்து இற்றுப்போனால், வேகமாக ஓடும்போது ஹோஸ் சப்பி வழி அடைத்துவிடும். வண்டி நின்றதும் பழையபடி விரிந்துவிடுவதால் யார் கண்ணிலும் படாது. இன்ஜின் சூடேறிய பிறகு ஒருவர் ஆக்சிலேட்டரை 3000 ஆர்பிஎம் வரை கொடுக்க, இன்னொருவர் அந்த ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும்.

கசிவு காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ தடம் இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் மிதியடி ஈரமாகி, உள்ளே இனிப்பான வாசம் அடித்தால், வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டர் கோர் கசிகிறது.

படி 2: ரேடியேட்டர் மூடி

மலிவான பாகம், ஆனால் முக்கியமானது. மேலே 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். எத்தனை பார் அழுத்தம் வரை மூடி தாங்கிப் பிடிக்கும் என்பதற்கான எண் அது. 0.9 மூடி சரியாக வேலை செய்தால் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் 100-லேயே கொதித்து, மிஞ்சும் தண்ணீரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பா வழியாக வெளியே தள்ளிவிடும். மூடியின் நடுவில் ஒரு சின்ன வால்வு இருக்கும். இன்ஜின் ஆறும்போது டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே விடுவது அதுதான். அது அடைத்தால் காலையில் மேல் ஹோஸ் சப்பிக் கிடக்கும். சந்தேகம் இருந்தால் யோசிக்காமல் அதே எண் உள்ள புது மூடி வாங்கிப் போடுங்கள். கூடுதல் எண் உள்ள மூடி போட்டால் நல்லது என்று நினைப்பது தப்பு, பழைய ரேடியேட்டரின் பற்றவைத்த இணைப்பு விட்டுவிடும்.

படி 3: காற்று வழி

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் ஓடும் வண்டிகளில் இதுதான் அதிகம் கவனிக்காமல் விடப்படும் இடம். பிசான அறுவடையில் ரோட்டிலேயே களம் போட்டு வைக்கோலைப் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஓட்டிப் போகும்போது பறக்கும் சுணையும் தூசியும் முன் கிரில் வழியாக உள்ளே போகும். திசையன்விளை பக்கம் என்றால் தேரி மணல். ஏசி உள்ள வண்டியில் முன்னால் நின்று பார்த்தால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். அழுக்கு இருப்பது அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில். மேல் போல்ட்களைக் கழற்றி ரேடியேட்டரை ஒரு விரல் பின்னால் சாய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். சுணை, பூச்சி, எண்ணெய்த் தூசி எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் படிந்திருக்கும். விரல் நுனியால் உரித்தால் பாளமாக வரும். அத்தனை காற்றையும் அது தடுத்துக்கொண்டிருந்தது.

சுத்தம் செய்யும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீரை அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கி அடித்தால் தகடுகள் மடிந்து, இருந்த வழியும் போய்விடும். தொட்டாலே பொடியாக உதிரும் தகடு என்றால் ரேடியேட்டரின் கோர் முடிந்தது. உப்புக்காற்றில் ஓடும் உவரி, கூடங்குளம் பக்கத்து வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

அடுத்தது ஃபேன். மின்சார ஃபேன் என்றால் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போடுங்கள், பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் உடனே சுற்றத் தொடங்கும். சுற்றவில்லையா? கனெக்டரைக் கழற்றி, பியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் நேரடியாகக் கொடுங்கள். இப்போதும் சுற்றாவிட்டால் மோட்டார் போச்சு. சுற்றினால் பியூஸ், ரிலே, ஸ்விட்ச் என்று பின்னோக்கிப் போக வேண்டும். ரேடியேட்டரில் ஸ்விட்ச் உள்ள பழைய மாடல்களில் அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள், ஃபேன் சுற்றினால் கெட்டது ஸ்விட்ச். கம்ப்யூட்டர் வழி ஃபேன் ஓடும் வண்டிகளில் சென்சார் வயரை இப்படி இணைக்கக் கூடாது.

ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது. பழைய மோட்டாரில் கார்பன் தேய்ந்து மெதுவாகச் சுற்றும். மாற்றிப் போட்ட மோட்டாரில் வயர் தலைகீழாக இருந்தால் காற்றை எதிர்த்திசையில் தள்ளும். ஒரு தாளை முன் கிரில்லில் வையுங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டை எங்கோ வேலை பார்க்கும்போது கழற்றித் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் அதே காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

சுமோ, பொலீரோ போன்ற வண்டிகளில் பெல்ட்டால் சுற்றும் விஸ்கஸ் ஃபேன் (நடுவிலுள்ள கப்ளிங்கில் கெட்டி எண்ணெய் உள்ளது) இருக்கும். இன்ஜின் ஆஃபில் கையால் சுழற்றினால் தடையோடு நகர வேண்டும். மூன்று சுற்றுக்கு மேல் தடையே இல்லாமல் ஓடினாலும், நடுவிலிருந்து எண்ணெய் ஒழுகிய கறை இருந்தாலும் கப்ளிங்கை மாற்ற வேண்டும். பெல்ட்டின் நீண்ட பக்கத்தைக் கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்கலாம், அதற்கு மேல் தளர்வு ஆகாது.

படி 4: தெர்மோஸ்டாட்

இதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டினால் நம்ம ஊர் வெயிலுக்கு நல்லது என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. இதனால் கெட்ட இன்ஜின்கள் ஏராளம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் 85 டிகிரியை எட்டவே ரொம்ப நேரம் ஆகும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் கரி சேரும், சிலிண்டர் தேயும். இன்னும் ஒன்று இருக்கிறது. பல இன்ஜின்களில் சூடேறியதும் தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறந்துகொண்டே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது, ஏற்றத்தில் சூட்டைக் கூட்டிவிடும்.

வண்டியில் வைத்தே சோதிக்கலாம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸில் கை வையுங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடானால் நல்லது. ஆரம்பத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பு ஏறினால் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது, அல்லது உள்ளே இல்லவே இல்லை. முள் சிவப்பில் நிற்க ஹோஸ் குளிர்ந்திருந்தால் மூடிக்கொண்டது. சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே கீழ் ஹோஸைப் பார்க்க வேண்டும்.

கழற்றிச் சோதிக்க, பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடி தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்திலேயே தெர்மாமீட்டரையும் தொங்கவிடுங்கள். 82 என்றோ 88 என்றோ அதில் பொறித்திருக்கும். அந்தச் சூட்டுக்கு ஓரிரு டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்கி, அதிலிருந்து 12, 13 டிகிரி கூடுவதற்குள் 8 மி.மீ. அளவுக்கு விரிய வேண்டும். திரும்பப் பொருத்தும்போது அதிலுள்ள சின்னத் துளை மேல்பக்கம் வரட்டும், காற்று வெளியேறுவது அந்த வழியாகத்தான்.

படி 5: ரேடியேட்டர் உள்ளே, தண்ணீர் எப்படிப்பட்டது

தாமிரபரணித் தண்ணீர் ஊற்றிய வண்டிக்கும் ராதாபுரம், திசையன்விளை பக்கத்துப் போர் தண்ணீர் ஊற்றிய வண்டிக்கும் ரேடியேட்டரைப் பிரித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் எந்தத் தண்ணீர் வெள்ளையாகப் படிகிறதோ, அது ஹெட்டைச் சுற்றியும் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் அப்படியே படியும். அந்தச் சுண்ணாம்புப் படிவம் சூட்டைக் கடத்தாது. தண்ணீர் சூடாகாமலேயே ஹெட் சூடாகும். மீட்டர் நார்மல் காட்ட ஹெட் விரிசல் விடுவது இப்படித்தான். ஆற்றுத் தண்ணீர் மென்மையானதுதான் என்றாலும் துருவைத் தடுக்கும் மருந்து அதில் கிடையாது. ஆகவே அதுவும் வேண்டாம்.

அடைப்பைக் கண்டுபிடிக்க, வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, இன்ஜினை ஆஃப் செய்து, ரேடியேட்டர் கோர் முழுக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை. இன்ஜின் ஓடும்போது மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் 8 முதல் 15 டிகிரி வரை வித்தியாசம் இருப்பது பொதுவான நிலை. 25-ஐத் தாண்டினால் தண்ணீர் ஊர்ந்துதான் போகிறது. 5-க்குக் கீழ் என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை எடுத்துப் போகவில்லை. படி 3-க்குத் திரும்புங்கள்.

இலேசான படிவத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து நிரப்பி, இன்ஜின் சூடேறியபின் அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆறியதும் வடித்து, தெளிவாக வரும்வரை மூன்று நான்கு தடவை அலசுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றக் கூடாது, அலுமினிய ஹெட்டை அது தின்றுவிடும். சிட்ரிக் ஆசிட் போட்ட மறுநாள் ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கினால் அதைப் பழி சொல்ல வேண்டாம். ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது அந்தப் படிவம்தான். பாதிக்கு மேல் அடைத்த பித்தளை ரேடியேட்டரைக் கடையில் டாங்க் பிரித்துக் குழாய்க்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் டாங்க் உள்ளதைப் பிரித்துப் பூட்டினால் நெடுநாள் நிற்பதில்லை, புதிது போடுவதே மேல்.

படி 6: வாட்டர் பம்ப்

பம்ப் உடம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதிலிருந்து சொட்டினாலோ காய்ந்த தடம் வழிந்திருந்தாலோ சீல் போய்விட்டது. புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. வெளியே எல்லாம் சரியாக இருந்தும் உள்ளே தகர இறக்கை துருவில் கரைந்து போயிருக்கலாம், வெறும் தண்ணீரில் ஓடிய வண்டியில் இது சகஜம். ஆறிய வண்டியில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் 2000 ஆர்பிஎம் கொடுத்து உள்ளே பாருங்கள். தண்ணீர் வேகமாகச் சுழன்று ஓட வேண்டும். பொங்கி வரத் தொடங்கினால் உடனே விலகி இன்ஜினை நிறுத்துங்கள். டைமிங் பெல்ட்டால் சுற்றும் பம்ப் என்றால் பெல்ட் மாற்றும்போதே பம்ப்பையும் மாற்றிவிடுங்கள், இரட்டைக் கூலி மிச்சம்.

படி 7: ஹெட் கேஸ்கட்

இதுவரை சொன்னது எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். சொட்டுத் தடமே இல்லாமல் வண்டி தண்ணீர் குடிக்கிறது என்றால் சந்தேகம் பலமாகும்.

காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்துக்குள், தண்ணீர் இன்னும் சூடாகாதபோதே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் நுழைகிறது. மூடியைத் திறந்துவைத்துப் பார்த்தால் குமிழ் விடாமல் வரும். முதல் சில நிமிடம் வந்து நின்றுவிடும் குமிழ் வெறும் அடைபட்ட காற்று, அதற்குப் பயப்பட வேண்டாம். பெட்ரோல் வண்டிக்குப் பிளாக் டெஸ்டர் என்ற கருவி உண்டு. அதிலுள்ள நீலத் திரவம் ரேடியேட்டர் வாயில் வரும் வாயு பட்டு மஞ்சளானால் முடிவு உறுதி. டீசலுக்கு வேறு திரவம் கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் நிறத்தில் வந்தால் வண்டியை அப்போதே நிறுத்துங்கள், பேரிங் போய்விடும். ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் இலேசாக வெள்ளை படிந்திருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். சாரல் நாளில் தென்காசி, குற்றாலம் பக்கம் கிட்டத்திலேயே ஓடும் வண்டியில் ஈரம் அப்படிப் படிவது உண்டு.

கேஸ்கட்தான் என்று உறுதியானால், வெறும் கேஸ்கட் மாற்றி மூடுவது பாதி வேலை. ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்புக் கம்பியை வைத்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். சிறிய கார்களின் அலுமினிய ஹெட்டுக்குப் பெரும்பாலும் 0.05 மி.மீ. வளைவுதான் எல்லை. தாண்டினால் லேத்தில் முகத்தைச் சமப்படுத்தும் ஃபேசிங் போட வேண்டும், விரிசல் இருக்கிறதா என்றும் அங்கேயே சோதித்துவிட வேண்டும். போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையாக, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். கைக்கணக்கில் முறுக்கினால் ஆறு மாதத்தில் திரும்ப வரும்.

நிரப்புவது

வடிக்கும் பழைய கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், விஷம். நாய், ஆடு நக்கினால் செத்துப்போகும். கேனில் பிடித்து மூடி, ஒர்க்‌ஷாப்பில் கழிவாகக் கொடுங்கள், வாய்க்காலில் கொட்ட வேண்டாம்.

கூலன்ட்டையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்பது வாங்கினால் அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. நிறத்தை வைத்து இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். சேராத வகைகள் கலந்தால் கூழாக உறைந்து அடைக்கும். பழைய பச்சை வகையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

முன்பக்கம் மேடாக இருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்துவைத்தே ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது துணியால் பிடித்துப் பிசைந்து, குமிழ் நிற்கும்வரை விட்டுவிட்டு ஊற்றி, பிறகு மூடுங்கள். ஃபேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டு ஆஃப் செய்யுங்கள்.

வழியில் ஏறிவிட்டால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுக்கத் திறந்து, ஓரம் கட்டுங்கள். ஆவி வராவிட்டால் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடலாம், வந்தால் உடனே ஆஃப். கொதிக்கும் இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

வேலை முடிந்த மறுநாள் காலை, ஆறிய வண்டியில் டப்பாவின் தண்ணீர் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். முதல் இரண்டு நாளில் கொஞ்சம் இறங்குவது மிச்சக் காற்று வெளியேறியதால், அந்த அளவு ஊற்றிக்கொள்ளலாம். அதற்கு அப்புறமும் வாரத்துக்கு ஒரு விரல் இறங்கினால் கசிவு இன்னும் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி, மூடியில் பொறித்த அழுத்தம் வரை ஏற்றி, 15 நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.